மாட்டேன்னு சொன்ன கத்தரிச்செடி

ஒரு ஊர்ல சங்கிலிவீரன்னு ஒரு ராஜா இருந்தாராம். காலையில கத்தரிக்கா, மத்தியானம் கத்தரிக்கா, ராத்திரியும் கத்தரிக்காதான் திம்பாராம். சிரிக்காம கேளுங்க.

ஒருநாள் தோட்டத்துல ஒரு செடியைப் பிடுங்கி, வேரை நக்கிப் பார்த்தாரு. ராஜான்னா என்ன வேணா செய்வாக. பார்த்தா, வேர் இனிச்சுக் கிடக்கு!

"இது யாருக்குடி?"ன்னு செடிகளைப் பார்த்துக் கத்துனாரு.

"மண்ணுக்குள்ள கண்ணுக்குத் தெரியாத சின்னஞ்சிறுசுக இருக்கு ராஜா. நாங்க வேர்ல இனிப்புக் கசிய விடுவோம். அதுக வாசம் பிடிச்சு வந்து சாப்பிடும்"னு செடிக சொல்லுச்சு.

"என் தண்ணியைக் குடிச்சிட்டுக் கண்டவனுக்குப் பாயசமா? இனிமே எல்லாம் காய்க்குத்தான் போகணும்!"

எல்லாச் செடியும் தலையைத் தொங்கப் போட்டு, "சரி ராஜா"ன்னுச்சு. மூலையில நின்ன ஒரு நோஞ்சான் செடி மட்டும், "மாட்டேன்"னுச்சு.

"தண்ணியை நிறுத்துவேன்!"

"நிறுத்து. மாட்டேன்."

"இலையை உருவுவேன்!"

"உருவு. மாட்டேன்."

"வேரோட பிடுங்கி எறிவேன்!"

"எறி. விழுந்த இடத்துலயும் சோறு போடுவேன்."

அடேயப்பா, ராஜாவுக்கு வந்துச்சே கோவம்! அதைப் பிடுங்கி மதிலுக்குப் பின்னால குப்பையில வீசிட்டு, பாயசம் காய்ச்சுற கொப்பரையில தோட்டத்து மண்ணையெல்லாம் போட்டு வறுக்கச் சொன்னாரு. சின்னஞ்சிறுசுக அம்புட்டும் வெந்து போச்சு, பாவம். அப்புறம் அந்த மண்ணுலயே மத்த செடிகளைத் திரும்ப நட்டாக.

முதல்ல நல்லாத்தான் காய்ச்சுது. ராஜா மதில் மேல ஏறி, குப்பைச் செடியைப் பார்த்துக் கெக்கலி கொட்டுனாரு. அது ரெண்டே இலையோட நின்னுக்கிட்டு, கிடைச்ச வெயில்ல காய்ச்சுன இனிப்புல பாதியை வேருக்கு அனுப்பிக்கிட்டே இருந்துச்சு.

அப்புறம் வந்தான் அழுகல். வேரைத் தின்னுற படுபாவி அவன். வறுத்த மண்ணுக்குள்ள புகுந்து, "யாரு வீட்ல?"ன்னான். காவலுக்குத்தான் ஒரு சின்னஞ்சிறுசும் இல்லையே. முதல் பாத்தியைத் தின்னான், ரெண்டாம் பாத்தியைத் தின்னான், மூணாம் பாத்தியையும் தின்னுட்டுக் குப்பைக்கு வந்தான். வந்து ஒரு கடி கடிச்சான் பாருங்க, செடிக்கு உசிரே போற மாதிரி வலி.

அது அழல. புதுசா ஒரு வாசத்தை மண்ணுல விட்டுச்சு. அதான் அது கூப்பிடுற விதம். உடனே சின்னஞ்சிறுசுக வாலை ஆட்டி நீந்தி வந்து, வேரைச் சுத்திக் கூட்டமா ஒட்டிக்கிட்டு நின்னுச்சு.

"விலகுங்கடா!"ன்னான் அழுகல்.

"மாட்டோம்!"

"உங்களையும் தின்னுருவேன்!"

"தின்னு பாரு!"ன்னு எல்லாம் சேர்ந்து அவன் மேல விஷத்தைக் கக்குச்சு. தலைதெறிக்க ஓடிட்டான்.

மறுநாள் தோட்டம் முழுக்கச் சொத சொதன்னு கிடந்துச்சு. குப்பையில மட்டும் ஒரு கத்தரிக்கா தொங்குது. ராஜா ஓடி வந்து கையை நீட்டுனாரு.

"மாட்டேன்"னுச்சு செடி.

"பசிக்குதும்மா."

"அப்போ என் காலடி மண்ணை அள்ளி ஒவ்வொரு பாத்தியிலயும் போடு. ஆள் வைக்கக் கூடாது. நீதான் சுமக்கணும்."

அள்ளுறதுக்குக் கூடை இல்ல. ராஜா கிரீடத்தைக் கழட்டி, மல்லாத்திப் பிடிச்சு, அதுல குப்பை மண்ணை அள்ளித் தலையில வச்சுக்கிட்டு நடந்தாரு. மண்ணு மூக்குல ஒழுகுது, மீசையில ஒழுகுது, ஊரே பார்த்துச் சிரிக்குது. அந்த மண்ணுல புது நாத்து நட்டு, தோட்டம் மறுபடி தழைக்கிற வரைக்கும் சுமந்தாரு.

கூட இருக்குற சிறுசுக வயித்துல அடிக்கிறவன் கிரீடம் மண்ணுதான் சுமக்கும். என் கதை வேருக்குள்ள போச்சு, நீங்க போர்வைக்குள்ள போங்க.