சும்மா கிடந்த ரூம்

கோவையில் ரங்கமணி என்றொரு ஓய்வுபெற்ற பெரிய இன்ஜினியர், தன் வீட்டை விற்கக் கிளம்பினார். இரண்டு பெட்ரூம், ஒரே பாத்ரூம். இன்னொரு பாத்ரூம் இருந்தால் நல்ல விலை போகும் என்றார் புரோக்கர். உடனே அக்கா சுலோச்சனாவை முதியோர் இல்லத்தில் சேர்த்துவிட்டு, பிளம்பர் மாசிலாமணியைக் கூப்பிட்டார்.

"ஒரு ரூம் சும்மா கிடக்குது. பாத்ரூம் ஆக்கிடு."

"அக்கா இருந்த ரூமுங்களே?"

"நீ குழாயை மட்டும் பாரு."

மாசிலாமணி வேலையை முடித்தார். டைல்ஸ் பளபளத்தது. ஆனால் வீடு பார்க்க வந்தவர்கள் எல்லாம், "ஒரே பெட்ரூமா? எங்கம்மா எங்க படுப்பாங்க?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் போனார்கள்.

ரங்கமணி கத்தினார். "நாளைக்கே எல்லாம் முன்ன இருந்த மாதிரியே இருக்கணும். ஒண்ணும் குறையக் கூடாது!"

"செஞ்சிடலாமுங்க. கமோடை நான் கழட்டிடறேன். அக்காவை நீங்க கூட்டிட்டு வந்துடுங்க."

ரங்கமணி அன்று மாலையே இல்லத்துக்குப் போய், "வீட்டுக்கு வாக்கா" என்றார்.

சுலோச்சனா அவருக்குக் காபி வாங்கிக் கொடுத்தாள். குடித்து முடிக்கும்வரை காத்திருந்தாள்.

"இங்க என் கட்டில் யாருக்கும் இடைஞ்சல் இல்ல தம்பி. நான் வரல."