பல்லக்குத் தெருவில் பண்டிதர் இருந்த ஒரு நாள்

வெகு காலத்துக்கு முன்பு செங்கானம் என்ற நாட்டை இளவழுதி என்றொரு ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான். ஆனால் அவனுக்குக் கோபம் எப்போது வரும், சிரிப்பு எப்போது வரும் என்று அரண்மனையில் யாருக்கும் தெரியாது.

அரண்மனைக்குப் பின்னால் பல்லக்குத் தெரு இருந்தது. பல்லக்குத் தூக்குகிற பன்னிரண்டு குடும்பங்கள் அங்கே வாழ்ந்தன. ராஜா மணி அடித்தால், அந்த ஓசை அடங்குவதற்குள் தோள் கொடுக்க வந்து நிற்க வேண்டும். அதனால் யாரும் தெருவைத் தாண்டிப் போகக் கூடாது. ராஜா பல்லக்கில் ஏறுவதோ மாதத்தில் இரண்டு மூன்று நாள். மற்ற நாளெல்லாம் மணிக்காகக் காத்து உட்கார்ந்திருப்பதுதான் வேலை.

முன்பு தெருக்கோடியில் ஒரு தோப்பு இருந்தது, அதையடுத்துச் சந்தை. அங்கே போய்வர மட்டும் அனுமதி உண்டு. ராஜா தோப்பை வெட்டி யானைக் கொட்டாரம் கட்டினான், குறுக்கே மதிலும் எழுப்பினான். பிறகு, "பாவம், சந்தை போயிற்றே" என்று இரக்கப்பட்டு, அரண்மனைச் சமையலில் மிஞ்சியதைத் தினமும் கூடை கூடையாக அனுப்பினான். நெய்ச்சோறு, முறுக்கு, அதிரசம். தெருவில் ஒருவரும் பசியோடு படுத்ததில்லை.

மூன்று வருஷத்தில் தெருவே ஊதிப்போயிற்று. முன்தோள் கொடுக்கும் குப்பாண்டிக்குக் கால்கள் வீங்கின. ஒருநாள் கோயில் மேட்டில் ஏறும்போது அவனுக்கு மூச்சு வாங்கியது. பல்லக்கு சாய்ந்து ராஜாவின் தலைப்பாகை உருண்டது.

"என் சோற்றைத் தின்று கொழுத்து, என்னையே கீழே தள்ளுகிறான்!" என்று ராஜா சபையில் கத்தினான்.

அரண்மனை வைத்தியர் வாகீசப் பண்டிதர் எழுந்தார். மந்திரி நம்பியாண்டானின் ஆசனத்தின்மேல் அவருக்கு வெகு நாளாக ஒரு கண். "வாயைக் கட்டத் தெரியாத ஜனம், பிரபு. என்னைப் பாருங்கள். அறுபது வயது, வயிறு இருக்கிற இடம் தெரிகிறதா? விடியலில் ஆயிரம் அடி நடை. மதியம் கீரையும் மோரும். அப்புறம் நிம்மதியான தூக்கம். நாற்பது நாளில் இளைக்காதவன் சோம்பேறி."

"கேட்டாயிற்று. நாற்பது நாள்! இளைக்காவிட்டால் குப்பாண்டி குடும்பத்தோடு எல்லை தாண்டிப் போகட்டும்" என்றான் ராஜா.

அன்று சாயங்காலம் குப்பாண்டியின் மனைவி மூக்காயி மந்திரி வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

"ரெண்டடி வச்சாலே அவருக்கு நெஞ்சடைக்குது சாமி. இந்தக் காலோட எந்த ஊருக்குன்னு கூட்டிட்டுப் போவேன்? வழியிலயே விட்டுட்டு நிக்கணும்."

மறுநாள் சபையில் மந்திரி பணிவாகச் சொன்னார்: "பண்டிதரின் மருந்து அருமை, பிரபு. அதை எப்படிச் சாப்பிடுவது என்றுதான் அந்த ஜனங்களுக்குத் தெரியவில்லை. அவரே ஒரு நாள் அங்கே இருந்து செய்து காட்டட்டுமே. தெருவுக்கு உள்ள கட்டுப்பாடு அவருக்கும் உண்டு. தோற்றால் குப்பாண்டி மேலுள்ள உத்தரவு ரத்து."

"ஒரு நாள்தானா? ஜெயித்தால் உம்முடைய ஆசனம் எனக்கு!" என்றார் பண்டிதர்.

ராஜாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஆகட்டும்!"

விடிந்ததும் பண்டிதர் நடந்தார். அறுபதாவது அடியில் மதில் வந்தது. திரும்பினார். மூன்றாவது முறை திரும்பும்போது யானைகள் தண்ணீர் குடிக்கத் தெரு வழியாக வந்தன. பண்டிதர் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டார். யானைகள் போய் முடிய வெயில் ஏறிவிட்டது.

மதியம், "கீரை எங்கேம்மா?" என்றார்.

"மதிலுக்கு அந்தப் பக்கம் கீரைக்காரி கூவுறா பாருங்க, கேக்குதா?" என்றாள் மூக்காயி.

"மோராவது?"

"மாடு கட்ட எடம் ஏது சாமி? யானைதான் இருக்கு. கறந்து பாக்குறீங்களா?"

தெருவே சிரித்தது. பண்டிதர் துண்டை விரித்துப் படுத்தார். கொட்டாரத்தில் யானை பிளிறியது. எழுந்து உட்கார்ந்தார். கூடை எதிரிலேயே இருந்தது. பொழுது சாயும் வேளையில் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு ஓர் அதிரசம் எடுத்தார். பிறகு பார்க்காமலே எடுத்தார்.

ஊரில் இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் பண்டிதரின் மீசையில் ஒட்டிய வெல்லத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். அதற்குப் பிறகும் கொஞ்சம் இருக்கிறது.

காவலாள் ஓடிவந்து சொன்னதும் ராஜா துள்ளி எழுந்தான். "ஐந்து அதிரசமா! இதை நான் கண்ணால் பார்க்க வேண்டும். அடி மணியை!"

மந்திரியின் முகம் மாறிவிட்டது. "பிரபு, பின்வாசல்தானே. நடந்தே..."

"ராஜா நடந்தா போவான்?"

மணி அடித்துவிட்டது. குப்பாண்டி முன்தோள் கொடுத்தான். ராஜாவின் பல்லக்கு பின்வாசலில் போகாது; முன்வாசல் வழியாகக் கோட்டையைச் சுற்றிக்கொண்டு தெருவுக்குள் வந்தது. மந்திரி கூடவே நடந்து வந்தார். பண்டிதரைப் பார்த்து ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். ராஜா சொல்லாமல் பல்லக்கை இறக்கக் கூடாது. சிரிப்பில் அவன் சொல்ல மறந்துபோனான்.

"தோற்றீர் பண்டிதரே! குப்பாண்டி, உத்தரவு ரத்து!"

பல்லக்கின் முன்பக்கம் மெல்ல, கொஞ்சமும் சாயாமல் தரையில் இறங்கியது. குப்பாண்டி அதன் பக்கத்தில் உட்கார்ந்தான். பிறகு படுத்துவிட்டான்.

பண்டிதர் ஓடிவந்து அவன் கையைப் பிடித்து நாடி பார்த்தார். வெகு நேரம் அந்தக் கையை விடவே இல்லை.

ராஜா தன் முத்துமாலையைக் கழற்றி மந்திரியிடம் நீட்டினான். "நீர்தான் ஜெயித்தீர்." மந்திரி கை நீட்டவில்லை. 'ஒரே நாளில் புத்தி புகட்டிவிடலாம் என்று நினைத்தேனே' என்று அவர் உள்ளுக்குள் நொறுங்கிக்கொண்டிருந்தார்.

ராஜா மூக்காயியின் முன்னால் வந்து நின்றான். "அம்மா, நாளைக்கே மதிலை இடிக்கிறேன். யானைகளை ஆற்றங்கரைக்கு மாற்றுகிறேன். இனி மணிக்காக யாரும் காத்திருக்க வேண்டாம். உனக்கு வேறு என்ன வேண்டும், கேள்."

மூக்காயி புருஷனின் வீங்கிய காலைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். தலை நிமிராமலே கேட்டாள்:

"ரத்துன்னு சொன்னீங்களே சாமி, அது அவரு காதுல விழுந்துச்சா?"

ராஜா மந்திரியைப் பார்த்தான். எந்தக் கேள்விக்கும் நொடியில் பதில் சொல்லும் நம்பியாண்டான் தலையைக் குனிந்துகொண்டார்.