ஆசனத்தில் அமர்ந்த ஓலைகள்

முன்னொரு காலத்தில் ஓர் அரசன் இருந்தான். அவனுக்குப் போர் பிடிக்கும்; போரிலிருந்து திரும்பியவர்களைப் பார்க்கத்தான் பிடிக்காது.

தினமும் அரண்மனை வாசலில் கையிழந்தவர்களும் காலிழந்தவர்களுமாக இருநூறு பேர் நின்றார்கள். போரில் ரத்தம் சிந்தியவனுக்கு உதிரப்பட்டி என்று அரசு கொஞ்சம் நிலம் கொடுக்கும். அந்த நிலத்துக்கான ஓலைக்காகக் காத்திருந்தார்கள். ஒரு நாள் அரசன் சபையில் எரிந்து விழுந்தான்.

"தேரில் ஏறினால் இவர்கள் முகம், இறங்கினால் இவர்கள் முகம்! ஏழு நாளில் வாசல் காலியாக வேண்டும்!"

மனுக்களைக் கவனிக்கும் அதிகாரி ஓலைநாயகம். சபையின் விகடன் குழைக்காதன்மேல் அவருக்கு நெடுநாள் பொறாமை.

"பிரபு, எங்கள் வேலையைக் கேலி செய்யும் குழைக்காதரே இதைச் செய்து காட்டட்டும். ஒருவரையும் விரட்டக் கூடாது. ஒரு விதியையும் மாற்றக் கூடாது."

"நல்லது. முடியாவிட்டால் நூறு கசையடி, குழைக்காதா!"

குழைக்காதன் வாசலுக்குப் போனான். முதலில் நின்றவன் கருத்திருமன். ஒற்றைக் காலும் கவைக்கோலுமாக நின்றான்.

"எத்தனை நாளாக நிற்கிறீர்?"

"மூணு வருசங்க. கால் போருலதான் போச்சுன்னு சாட்சி கேட்டாங்க, கொண்டாந்தேன். இப்ப, போருக்கு முன்னாடி அந்தக் கால் இருந்துச்சான்னு சாட்சி கேக்குறாங்க. சின்னதுல நான் ஓடுனதைப் பாத்தவங்களைக் கூட்டியாரட்டுமான்னேன். அதையும் மனுவா எழுதிக் குடுக்கச் சொல்லிட்டாங்க!"

குழைக்காதன் தலையில் அடித்துக்கொண்டான். அன்று முழுவதும் விதி ஏடுகளைப் புரட்டினான்.

மறுநாள் காலை ஓலைநாயகம் வந்தபோது, அவருடைய ஆசனத்தில் இருநூறு மனு ஓலைச்சுருள்கள் குவிந்திருந்தன. பக்கத்தில் குழைக்காதன் நின்றான்.

"இதென்ன அடாவடி?"

"'முடிவாகாத மனு ஓலைநாயகத்தின் ஆசனத்தில் இருக்கக் கடவது.' விதி ஐயா."

"என் பொறுப்பில் இருக்கும் என்பதல்லவா அதன் பொருள்?"

"விதியை மாற்றக் கூடாதென்றவர் தாங்கள். பொருளை மட்டும் மாற்றலாமோ?"

"வேறு ஆசனம் கொண்டு வா!"

"வந்தால் அதுவும் தங்கள் ஆசனம். பாதி ஓலை அதற்கு."

தரையில் உட்காரப் போனார். குழைக்காதன் அங்கும் ஓலையை விரித்தான்.

நண்பகல்வரை அவர் நின்றுகொண்டே இருந்தார். "கால் வலிக்கிறதே, குழைக்காதரே!"

"வலிக்கிறது என்பதற்கு வைத்தியர் ஓலை உண்டா? மூன்று சாட்சிகள்?"

ஓலைநாயகம் பல்லைக் கடித்துக்கொண்டு முத்திரையை எடுத்தார். காலில்லாதவனைப் பார்த்தார், காலில்லை என்று எழுதினார், முத்திரை வைத்தார். அடுத்தவன், அடுத்தவன் என்று கத்தினார். பொழுது சாயுமுன் ஆசனம் காலியானது. அதில் பொத்தென்று விழுந்தார்.

செய்தி கேட்டு வந்த அரசன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். தன் முத்துமாலையைக் கழற்றிக் குழைக்காதன் கழுத்தில் போட்டான்.

கருத்திருமன் மட்டும் கையிலிருந்த ஓலையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"ஏன் நிற்கிறாய்? கிடைத்துவிட்டதே!" என்றான் அரசன்.

"கிடைச்சுதுங்க மகாராசா. ஒரு நாள் வேலைதானாம். அப்ப, மூணு வருசமா என்ன பண்ணாங்கன்னு நெனச்சுப் பாத்தேன்."

அரசன் சிரிப்பை நிறுத்தி ஓலைநாயகத்தின் பக்கம் திரும்பினான். அவர் பதறி எழுந்து நின்றார்.