ஆமை நின்ற இடம்

காட்டுக் குளம் ஒன்றில் ஓர் ஆமை இருந்தது. நடையில் அது மந்தம்தான். ஆனால் பந்து அதன் காலடிக்கு வந்துவிட்டால் எந்தக் கொம்பனாலும் பிடுங்க முடியாது. அதனால் குளத்துக் கால்பந்து அணியில், கோலுக்கு முன்னால் கடைசி ஆளாக நிற்பது எப்போதும் ஆமைதான்.

அந்தக் காட்டில் ஒரு வழக்கம் உண்டு. கோடை தொடங்கும்போது குளத்து அணியும் காட்டுப்பன்றி அணியும் ஓர் ஆட்டம் ஆடும். ஜெயித்தவர்களுக்குக் கோடை முழுவதும் குளம் சொந்தம். ஆட்டம் சமமாக முடிந்தால், போன வருஷம் யாரிடம் இருந்ததோ அவர்களிடமே இருக்கும். பந்து கோரைப்புல்லைச் சுற்றிக் கட்டியது. நடுவர் முள்ளம்பன்றி. தீர்ப்புப் பிடிக்கவில்லை என்று அவர்மேல் யாரும் பாய்வதில்லை.

பன்றிகளிடம் குளம் போனால் என்ன ஆகும் என்று சொல்லவே வேண்டாம். பகலெல்லாம் புரண்டு, நாலே நாளில் தண்ணீரைச் சேறாக்கிவிடும். முயலும் அணிலும் எங்காவது ஓடிப் பிழைத்துக்கொள்ளும். ஆமை எங்கே ஓடும்?

அணிக்கு முதலில் வாத்தியாராக வந்தது கொக்கு.

"பன்னிங்களோட மோதுனா நாம சட்னிதான்!" என்றது கொக்கு. "பந்து நம்மகிட்டயே இருக்கட்டும். சின்னச் சின்னதாத் தட்டி ஆமைகிட்டக் கொண்டு போங்க. ஆமை நின்ன இடத்துலயே நிக்கட்டும். பந்தைப் பிடுங்கப் பன்னிங்க ஓடி வரும். வந்தா அதுங்க முதுகுக்குப் பின்னால இடம் காலி! அங்க தட்டு, முயலு ஓடட்டும்!"

காரணத்தைக் கொக்கு சொன்னது அந்த ஒரு நாள்தான். அப்புறமெல்லாம் கரையில் ஒற்றைக் காலில் நின்றபடி, "ஆமைகிட்டக் கொடு! ஆமை, நகராதே!" என்று மட்டும் கத்தும். அதுவே போதுமானதாக இருந்தது. பன்றிகள் மூச்சிரைக்க ஓடி வந்தன. முயல் அந்தப் பக்கம் கோல் போட்டது. மூன்று கோடை வரிசையாகக் குளம் கைவிட்டுப் போகவில்லை.

பிறகு வேறொரு காட்டு ஏரி கொக்கைக் கூப்பிட்டது. கொக்கும் பறந்துவிட்டது. ஆமைக்கு அழுகையே வந்தது.

அடுத்த வாத்தியார் மயில்.

"கொக்கோட வழிதான் நம்ம வழி!" என்றது மயில். "ஆனா இன்னும் கொஞ்சம் அழகா!"

அழகுக்குக் குறைவில்லை. அணிலிடமிருந்து முயலுக்கு, முயலிடமிருந்து ஆமைக்கு, ஆமையிடமிருந்து மறுபடி அணிலுக்கு என்று பந்து சுற்றிச் சுற்றி வந்தது. வேடிக்கை பார்த்த மான்கள் ஆகா என்றன. கோல் போட வேண்டும் என்பதுதான் யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

பன்றிகளும் மூன்று வருஷம் தோற்றவை அல்லவா? அவற்றுக்கும் புத்தி வந்திருந்தது. ஆமையிடம் பந்து போனபோது ஒன்றுகூட ஓடி வரவில்லை. எல்லாம் தங்கள் கோலுக்கு முன்னால் மதில் கட்டியதுபோல் நின்றுகொண்டன. ஆட்டம் முடியும் நேரத்தில் அணில் தட்டிய பந்து ஒன்று வழி தவற, பன்றித் தலைவன் அதைத் தட்டிக்கொண்டு போய்க் கோல் போட்டுவிட்டான்.

"தோத்தாலும் பந்து பூரா நேரமும் நம்மகிட்டதானே இருந்தது!" என்று மயில் தோகையை விரித்தது.

அந்தக் கோடையில் ஆமை மலையோடையைத் தேடி நான்கு நாள் நடந்தது. ஓடு வெடித்துவிடும்போல் காய்ந்தது.

மயிலை அனுப்பிவிட்டுக் குரங்கைக் கூட்டி வந்தார்கள்.

"தட்டறதும் வேண்டாம், கொஞ்சறதும் வேண்டாம். தூக்கி அடி!" என்றது குரங்கு.

தூக்கி அடித்தார்கள். பந்து வானத்துக்குப் போய்ப் பன்றிகளின் தலையில் இறங்கியது. முட்டுவது பன்றிக்குச் சொல்லித் தர வேண்டிய வித்தையா? நான்கு கோல்! ஆமை மறுபடி மலையோடைக்கு நடந்தது.

ஆனாலும் அதற்குள் ஒரு பெருமை இருந்தது. 'கொக்கு வாத்தியார் சொன்னதை எல்லாரும் கெடுத்துவிட்டார்கள். நான் மட்டும் ஓரடி நகரவில்லை' என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டது.

அடுத்த வருஷம் நரி வாத்தியாராக வந்தது. தூக்கி அடிப்பதை நிறுத்திவிட்டு, பந்தைத் தட்டி ஆடச் சொன்னது. ஆமையிடம் மட்டும் ஒரு கேள்வி கேட்டது.

"ஆமையண்ணே, கொக்கு உங்களை ஏன் அங்கயே நிக்கச் சொல்லிச்சு?"

"ஏன்னு கேக்கற பழக்கம் எனக்கில்லை. அவர் நிக்கச் சொன்னார், நிக்கறேன்!"

"சரி. ஞாபகம் வந்தா சொல்லுங்க" என்று நரி போய்விட்டது.

ஆட்டம் ஆரம்பித்தது. பந்து முழுக்கக் குளத்து அணியிடம்தான். பன்றிகள் முழுக்கத் தங்கள் கோலுக்கு முன்னால்தான். இரண்டு பக்கமும் கோல் இல்லை. வெயில் சாயத் தொடங்கியது. சமமாக முடிந்தால் குளம் பன்றிகளுக்கே! இன்னொரு கோடை அந்தப் பாறைகளில் நடந்தால் உயிர் தங்காது என்று ஆமைக்கே தெரியும்.

முயல் பந்தை மறுபடி ஆமையிடம் தட்டியது. ஆமை தன் இடத்தில் நின்றது.

பன்றித் தலைவன் அங்கிருந்தே கத்தினான். "அண்ணாச்சி! பந்தை நீங்க வெச்சுக்குங்க, குளத்தை நாங்க வெச்சுக்கறோம்! எங்களை வரவழைக்கலாம்னு பார்க்கறீங்களா? அந்தப் பழைய பன்னிங்கன்னு நினைச்சீங்களா?"

பன்றிகள் எல்லாம் சிரித்தன. ஆமைக்குச் சிரிப்பும் வரவில்லை, கோபமும் வரவில்லை. கொக்கு முதல் நாள் சொன்னது முழுவதும் ஞாபகத்துக்கு வந்தது.

"அட, அவங்க வரணும்னுதானே நான் நின்னேன்! வராதவங்களுக்காக எதுக்கு நிக்கறேன்?"

ஆமை பந்தைக் காலால் உருட்டிக்கொண்டு நடக்கத் தொடங்கியது.

"ஐயோ, அண்ணே! நம்ம கோல் காலியாக் கிடக்கு!" என்று முயல் அலறியது.

"விடு. நீ ஓடத் தயாரா இரு!" என்றது நரி.

ஆமை தன் நடையில்தான் போனது. பன்றிகள் விழுந்து விழுந்து சிரித்தன. நடுக்கோட்டைத் தாண்டியதும் சிரிப்புக் குறைந்தது. இன்னும் பத்தடி என்றபோது ஒரு பன்றிக்குப் பொறுக்கவில்லை.

"தலைவரே, இது நேரா வந்து அடிச்சுடும் போலிருக்கே!"

"பிடுங்குடா!"

இரண்டு பன்றிகள் பாய்ந்தன. மதிலில் இரண்டு ஆள் இடம் காலி! ஆமை அந்த இடத்துக்குப் பந்தைத் தட்டியது. முயல் பறந்தது. கோல்!

முள்ளம்பன்றி ஆட்டத்தை முடித்துவைத்தபோது, ஆமை யாரையும் பார்க்காமல் நேராகக் குளத்துக்குப் போய்த் தண்ணீரில் இறங்கியது. அத்தனை நிம்மதி!

கரையில் ஒரே பேச்சு. "என்னோட ஆட்டம்தான் ஜெயிச்சுது" என்றது வேடிக்கை பார்க்க வந்திருந்த மயில். "நான் போட்ட அடித்தளம்" என்றது குரங்கு. நரி சிரித்துவிட்டுப் பந்தை எடுத்துவரப் போனது.

அணில் மட்டும் தண்ணீர் ஓரம் ஓடி வந்தது. "ஆமையண்ணே! இனிமே ஒவ்வொரு வருஷமும் நீங்க இப்படியே நடந்து போயிடுங்க! அதான் நம்ம வழி!"

ஆமை தலையை மட்டும் வெளியே நீட்டியது.

"அடுத்த வருஷம் அவங்க எங்க நிக்கறாங்கன்னு முதல்ல பார்க்கறேன். அப்புறம் நடக்கறதா நிக்கறதான்னு சொல்றேன்!"

ஆகவே, ஒருவர் காட்டிய வழியைக் காப்பாற்ற நினைப்பவர்கள், அவர் ஏன் அதைக் காட்டினார் என்பதையும் மறக்காமல் இருக்க வேண்டும்.