சிவகாசி வானத்தில் விழுந்த வரி

இந்தக் கதைக்குத் தீர்ப்புச் சொல்ல வேண்டியது நீங்கள்தான். ஆகையால் யார் என்ன செய்தார்கள், என்ன சொன்னார்கள் என்பதை ஒன்றுவிடாமல் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

சிவகாசியில் ஞானகுருசாமி என்று ஒரு காலண்டர் அச்சக முதலாளி. ஊருக்கே அவர் அண்ணாச்சி. காலண்டர் வானத்தைப் பார்த்துப் பார்த்துப் பழுத்த கண் அவருக்கு. மேலே கருநீலம், கீழே வெளிர்நீலம். நடுவில் மெல்லிய வரி ஒன்று விழுந்தாலும் அச்சடித்த தாள் அத்தனையும் கழிவுக்குப் போய்விடும். அப்படிப்பட்டவர் தம் வீட்டு மாடியில் ஒரு சினிமா அறை கட்டினார். மிகத் துல்லியமான படம் தரும் ஃபோர்கே டிஸ்க் பிளேயர், ஓடிடி பெட்டி, மகனுக்காக ஒரு கேம் பெட்டி என்று மூன்றும் வாங்கியாயிற்று. கூரையில் தொங்கும் புரொஜெக்டருக்குப் போவதோ சுவருக்குள் பதித்த ஒரே கேபிள். மூன்றில் கேட்டதை மட்டும் அந்தக் கேபிளில் அனுப்ப ஒரு ஸ்விட்சர் வேண்டும்.

இந்த மாதிரி சாமான் விற்கும் மூன்று கடைக்காரர்களை வரவழைத்தார்.

"யார் பெட்டியில என் வானம் வரி விழாம வருதோ, குற்றாலத்துல நான் கட்டுற விடுதி வேலையும் அவங்களுக்குத்தான். அங்கேயும் இந்த வீட்டுக்குக் கேபிள் பதிச்ச ஆளுகதான் இதே வயரை இழுத்தாங்க. பூச்சும் முடிஞ்சுபோச்சு. ரூமுக்கு ரூம் பெட்டி வைக்கிறதுதான் பாக்கி."

வந்தவர்களில் ஒருத்தி விருதுநகர் மரகதவல்லி. அவள் கடைக்கு வருகிறவர்கள் விலையை விசாரித்துவிட்டு, வாசலிலேயே நின்று செல்போனில் ஆர்டர் போடுகிற காலம் இது. குற்றாலம் வேலை கிடைத்தால் கடை பிழைக்கும். இல்லாவிட்டால் ஷட்டரை இறக்கிவிட்டு அண்ணனுடைய டயர்க் கடையில் பில் போட உட்கார வேண்டியதுதான். அந்த நினைப்பே அவளுக்குக் கசந்தது.

முதலில் மதுரை தனசேகர் தம் ஸ்விட்சரை மாட்டினார். படம் வந்தது, மினுமினுத்தது, இருண்டது. மறுபடி வந்தது, மறுபடி இருண்டது.

"அண்ணாச்சி, புரொஜெக்டர்லதான் கோளாறு. என் பெட்டி நல்ல பெட்டி," என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டார்.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்," என்று பக்கத்தில் முணுமுணுத்தவர் ராஜபாளையம் செந்தூர்பாண்டி.

அடுத்தது அவர் முறை. அவருக்கும் படம் இருண்டது. எல்லோருக்கும் முதுகைக் காட்டியபடி டிஸ்க் பிளேயரில் எதையோ அழுத்தினார். அப்புறம் படம் இருளாமல் நின்றது. அண்ணாச்சி மட்டும் எழுந்து திரைக்கருகே போனார்.

"வானத்துல வரி வரியா நிக்குதே தம்பி. இதை நான் அச்சடிச்சிருந்தா கழிச்சுப் போட்டிருப்பேன்."

செந்தூர்பாண்டி செய்தது இதுதான்: முழு நிறத்தையும் அனுப்பாதே, குறைத்து அனுப்பு என்று பிளேயருக்குச் சொல்லிவிட்டார். பாரம் குறைந்ததால் படம் நிலைத்து நின்றது. நிறம் குறைந்ததால் வரி விழுந்தது.

மரகதவல்லி எந்த வீட்டுக்குப் போனாலும் சொந்தக் கேபிளோடுதான் போவாள். வெளியூர் போகும்போது வீட்டுத் தண்ணீரைப் பாட்டிலில் எடுத்துப்போகிறவர்கள் இல்லையா, அந்த மாதிரி. அன்றும் பிளேயரைப் பழையபடி முழு நிறத்துக்கு வைத்து, ஏணி போட்டு, தன் ஸ்விட்சரிலிருந்து தன் கேபிளை நேரே புரொஜெக்டரில் செருகினாள். திரையில் அந்தி வானம் வழுவழுவென்று இறங்கியது. அண்ணாச்சிக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"வேலை உனக்குத்தாம்மா!"

எல்லோரும் காராச்சேவு தின்னக் கீழே போனார்கள். சாமான்களை எடுத்துவைத்துக்கொண்டிருந்த மரகதவல்லிக்கு ஒரு சந்தேகம். தன் ஸ்விட்சரைச் சுவர்க் கேபிளில் மாட்டிப் பார்த்தாள். மினுமினுத்தது, இருண்டது. ஜெயித்தது அவள் பெட்டி இல்லை, கேபிள். இது அவளைத் தவிர யாருக்கும் தெரியாது.

பிறகு மாடிப்படியில் எட்டிப் பார்த்துக் கூப்பிட்டாள்.

"அண்ணாச்சி, ஒரு நிமிஷம் வாங்க. இங்க கூடம் நெசமாவே கோணல்தான். செவுத்துக்குள்ள இருக்கிற கேபிள் ஃபோர்கே தாங்காது."

எல்லோரும் மேலே ஏறி வந்தார்கள். அவள் அதோடு விட்டாளா? தனசேகரின் ஸ்விட்சரைக் கேட்டு வாங்கித் தன் கேபிளில் மாட்டினாள். வானம் அதே சுத்தம். அவளுடையது ஒரு கருவியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்போது திரை வெகுநேரம் இருண்டு கிடக்கும். இது கண்சிமிட்டும் நேரத்தில் தாவியது. "இவர் பெட்டி என்னோடதைவிட நல்லாருக்கு," என்று அதையும் சொன்னாள். செந்தூர்பாண்டியின் பெட்டியைப் பார்க்க முடியவில்லை. அவர் அதைப் பையில் போட்டு ஜிப்பை இழுத்துவிட்டிருந்தார்.

இப்போது மூன்று பேரும் வாய் திறந்தார்கள்.

"நல்ல பெட்டி எதுன்னு அவங்களே சொல்லிட்டாங்க. வேலை எனக்கு," என்றார் தனசேகர்.

"கேபிளையும் கொண்டாந்தது போங்கு அண்ணாச்சி. இந்த வீட்டுக் கேபிள்ல படத்தை நிக்க வச்சது நான் ஒருத்தன்தான்," என்றார் செந்தூர்பாண்டி.

"நீங்க எனக்குத்தான்னு வாக்குக் குடுத்தீங்க. என்னன்னு பார்த்துச் சொன்னதுக்கு அது போகணுமா?" என்றாள் மரகதவல்லி.

மூவர் சொன்னதிலும் பொய் இல்லை. அப்படியானால் குற்றாலம் வேலையை யாருக்குக் கொடுப்பது நியாயம்?

விடை: செந்தூர்பாண்டிக்கு இல்லை, குறை இருப்பது தெரிந்தும் அதை மூடி மறைத்தவர் அவர். தனசேகர் நல்ல பெட்டியைத்தான் தேர்ந்தெடுத்தார். ஆனால் படம் இருண்டதும் பழியைப் புரொஜெக்டர்மேல் போட்டுவிட்டுத் தேடுவதை நிறுத்திக்கொண்டார். குற்றாலத்திலும் இதே வயர்தான், அதன்மேல் பூச்சும் முடிந்துவிட்டது என்று அண்ணாச்சி சொன்னதை நினைத்துப் பாருங்கள். அங்கே எந்த உயர்ந்த பெட்டியை வைத்தாலும் அறைக்கு அறை இருட்டுத்தான். மரகதவல்லி வாயை மூடிக்கொண்டு வேலையை வாங்கியிருந்தால், அந்த இருட்டு அவள் தலையில் விடிந்திருக்கும். கூப்பிட்டபோது அந்தக் கணக்கெல்லாம் அவளுக்குத் தோன்றவில்லை. கடை போனாலும் போகட்டும் என்றுதான் கூப்பிட்டாள். ஆகவே வேலை அவளுக்கு. அண்ணாச்சியும் அப்படியே கொடுத்தார், பெட்டிகளைத் தனசேகரிடம் வாங்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. குற்றாலத்தில் முதல் நாள் அவள் கேட்டு வாங்கியது ஒரு சுத்தியலும் உளியும்.