மெத்தைக் கடைக்காரர்கள் விளம்பரம் எழுதின கதை

ஈச்சம்புதூரில் மூன்று பேர் இருந்தார்கள். மூன்று பேருக்கும் சேர்த்து ஒரு மெத்தைக் கடை இருந்தது. மூன்று பேருக்கும் சேர்த்து மூளை எவ்வளவு இருந்தது என்று நான் சொல்லப் போவதில்லை. கதையைக் கேட்டுவிட்டு நீங்களே ஒரு முடிவுக்கு வந்துகொள்ளுங்கள்.

மூத்தவர் ஒச்சப்பன், கடை முதலாளி. அவருடைய தம்பி சுருளிவேல் மெத்தை தைப்பவர். ஒச்சப்பன் மனைவியின் தம்பி பெத்தணன் பஞ்சு அடைப்பவர். மூவரும் தங்கமான மனிதர்கள். இலவம்பஞ்சில் ஒரு கொட்டைகூட விடமாட்டார்கள். ஆனால் யார் என்ன சொன்னாலும் சொன்னதைச் சொன்னபடி செய்தே தீருவார்கள். வினையே அங்கேதான்.

எதிர்ச்சாரியில் ஒரு ஃபோம் மெத்தை ஷோரூம் வந்தது. கண்ணாடிக் கதவு, உள்ளே ஏசி. அன்றிலிருந்து ஒச்சப்பன் கடைப்பக்கம் ஈ, காக்காய் எட்டிப் பார்க்கவில்லை. கட்டடத்துக்காரர் பரமன் பக்கத்திலேயே டீக்கடை வைத்திருந்தார். மெத்தை வாங்க வருகிறவர்கள் பேரம் பேசித் தொண்டை வறண்டு அவரிடம்தான் டீ குடிப்பார்கள். அந்த வியாபாரமும் படுத்துவிட்டது. ஒருநாள் அவர் வாசலில் வந்து நின்றார்.

"ஒச்சு, ஆவணி முடியறதுக்குள்ள உன் கடைக்குள்ள ஆள் வரணும். வரலைன்னா சாவியைக் குடுத்துரு. ஜூஸ் கடைக்காரன் இடம் கேட்டுக்கிட்டே இருக்கான்."

கடை போனால் மூவரும் பெத்தணனின் பெரியப்பாவுடைய செங்கல் சூளைக்குத்தான் வேலைக்குப் போக வேண்டும். அந்தப் பெரியப்பா கோழி கூவும் முன்பே ஆட்களை எழுப்பிவிடுவார். மெத்தைக்காரர்களுக்கு இதைவிடக் கொடுமை வேறென்ன இருக்கிறது?

ஒச்சப்பனின் அக்கா மகள் கௌமாரி கோயம்புத்தூரில் ஒரு விளம்பரக் கம்பெனியில் வேலை பார்த்தாள். அவளுக்கு போன் போட்டார்கள்.

"விளம்பரம் பண்ணுங்க மாமா. ஆனா அடுத்தவங்க எழுதினதைப் பாத்து எழுதாதீங்க. சொந்தச் சரக்கா இருக்கணும். உங்க ஊர்ல யாருமே எழுதாததா இருக்கணும்" என்றாள்.

யாருமே எழுதாதது எது என்று தெரிய வேண்டுமானால், எல்லாரும் எழுதியது எது என்று முதலில் தெரிய வேண்டும் அல்லவா? மூவரும் ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்துக்கொண்டு ஊர் முழுக்கச் சுற்றினார்கள். பலகை, சுவர், பஸ், தந்திக்கம்பம் என்று கண்ணில் பட்ட ஒவ்வொரு வார்த்தையையும் எழுதிக்கொண்டார்கள். நோட்டில் இருக்கிற வார்த்தை விளம்பரத்தில் வரக் கூடாது. இதுதான் திட்டம்.

"மெத்தைன்னு எழுதலாமா?" என்றார் சுருளிவேல்.

"எதிர்க்கடைக்காரன் எழுதிட்டான். போச்சு" என்றார் பெத்தணன்.

"பஞ்சு?"

"மருந்துக்கடையில இருக்கு."

"என் பேரையாவது எழுதுங்கடா" என்றார் ஒச்சப்பன்.

பெத்தணன் நோட்டைப் புரட்டினார். முகம் வாடிவிட்டது. "பஸ் ஸ்டாண்டுல கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டியிருக்காங்க மச்சான். செத்தவர் பேரும் ஒச்சப்பன்தான்."

ஒச்சப்பன் பெருமூச்சு விட்டார். "செத்தவரோட போட்டி போடக் கூடாது. விட்ரு."

தெருவின் பெயர் தெருப்பலகையில் இருந்தது. 'வாங்க' என்ற வார்த்தை பதினேழு கடைகளில் இருந்தது. அம்புக்குறியையாவது போடலாம் என்றால், அதைக் கட்டணக் கழிப்பறைக்காரர் போட்டுவிட்டார். கடைசியில் ஊரில் யாரும் எழுதாதவை மூன்றே வார்த்தைகள்தான் மிஞ்சின. அடுத்த நாள் ஈச்சம்புதூர்ச் சுவர்களில் எல்லாம் இப்படி ஒரு போஸ்டர் இருந்தது:

கொட்டாவி. குறட்டை. புரளல்.

ஊர்ப் பெண்கள் இதை இலவச மருத்துவ முகாம் என்று எடுத்துக்கொண்டு, குறட்டை விடும் புருஷன்மார்களைக் கையோடு இழுத்துக்கொண்டு டாக்டர் வீட்டு வாசலில் போய் நின்றார்கள். டாக்டருக்கு ஒரு வாரம் சாப்பிட நேரமில்லை. மெத்தைக் கடைக்கு மட்டும் யாரும் வரவில்லை.

மறுபடியும் போன். கௌமாரி போஸ்டரில் எழுதியதை இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டாள். பிறகு, "எழுத்தே வேணாம் மாமா. மெத்தையைப் பத்திப் பேசாதீங்க, அதுல படுக்கிற சுகத்தைக் காட்டுங்க. வீடியோ எடுத்து ஊர் வாட்ஸ்அப் குரூப்ல போடுங்க" என்றாள்.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு சுருளிவேல் புது மெத்தையில் படுத்தார். பெத்தணன் போனைப் பிடித்தார்.

"எவ்வளவு நேரம் எடுக்கறது மச்சான்?"

"தூங்கி எந்திரிக்கிற வரைக்கும் எடு மாப்ள. பாதியில நிறுத்திட்டா, படுத்தவன் எந்திரிச்சானா இல்லையான்னு பாக்கறவங்க மனசு பதறாதா?"

சுருளிவேல் இரண்டு நிமிஷத்தில் தூங்கிவிட்டார். அதைப் பார்த்துக்கொண்டே இருந்த பெத்தணனுக்கும் கண் சொருகியது. பெத்தணனை எழுப்பப் போன ஒச்சப்பன் அவர் பக்கத்தில் சாய்ந்தார். கைதவறி விழுந்த போன் மல்லாந்து கிடந்து, மேலே சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறியை மூன்று மணி நேரம் படம் பிடித்தது. அப்படியே குரூப்பில் போட்டார்கள். நாற்பத்தொரு பேர் கேள்வி கேட்டிருந்தார்கள். நாற்பத்தொரு பேரும் கேட்டது ஒரே கேள்விதான்: "அந்த ஃபேன் எங்க வாங்குனீங்க?"

ஒச்சப்பன் மரியாதைக்காரர். ஒவ்வொருவருக்கும் எலக்ட்ரிக் கடைக்கு வழி எழுதி அனுப்பினார். எலக்ட்ரிக் கடைக்காரர் அந்த வாரமே ஸ்வீட் பாக்ஸ் கொடுத்தனுப்பினார்.

மூன்றாவது தடவையும் கௌமாரிக்கு போன் போட்டார்கள். ஆவணி முடிய இன்னும் ஒன்பது நாள்தான்.

"மாமா, உங்க காலைத் தொட்டுக் கேக்கறேன். இது ஒண்ணை மட்டும் செய்யுங்க. காலையில கடை திறந்ததும் வாசல் போர்டுல ஒரே ஒரு வரி எழுதுங்க. அன்னைக்குக் கடையில என்ன நடந்துச்சோ அது. தினமும் எழுதணும். உண்மையை மட்டும்தான் எழுதணும். ஒரு தடவை பொய்யாப் போச்சுன்னா ஊர் உங்களை நம்பாது."

மறுநாள் கடை திறந்தார்கள். சுற்றிலும் பார்த்தார்கள். கூடிப் பேசி எழுதினார்கள்: 'இன்று யாரும் வரவில்லை.'

அடுத்த நாளும் 'இன்று யாரும் வரவில்லை.' மூன்றாம் நாளும் அதேதான். டீ குடிக்க வந்தவர்கள் படித்துச் சிரித்தார்கள். ஐந்தாம் நாள் இதைப் படிக்கவே டீ குடிக்க வந்தார்கள். பஸ் கண்டக்டர் ஓடுகிற வண்டியிலிருந்து எட்டிப் பார்த்து, "இன்னைக்கும் இல்லைப்பா!" என்று உள்ளே அறிவித்தார். பரமன் கூடுதலாக ஒரு பால் கேன் வாங்கினார். ஆனால் கடைக்குள் மட்டும் யாரும் காலெடுத்து வைக்கவில்லை. இத்தனை நாள் அழகாகப் போய்க்கொண்டிருப்பதை நாம் போய்க் கெடுப்பானேன் என்று ஊருக்கு ஒரு நல்லெண்ணம்.

ஆவணியின் கடைசி நாள் வந்தது. காலையில் போர்டு எழுதியாயிற்று. பத்து மணிக்கு ஒரு வேன் வந்து நின்றது. இறங்கியவர் ராசையா என்று வெளியூர்க்காரர். ஐப்பசியில் அவர் மகளுக்குக் கல்யாணம்.

"பன்னெண்டு மெத்தை வேணும். யாரும் வரலைன்னு போர்டு வச்சுச் சொல்ற கடைக்காரன் பஞ்சுலயும் பொய் சொல்ல மாட்டான்னு எங்கூர்ல பேசிக்கிட்டாங்க" என்று சொல்லிக்கொண்டே படியில் கால் வைத்தார்.

"ஐயா, காலை எடுங்க!" என்று மூவரும் அலறினார்கள்.

ராசையா நடுங்கிப்போய்ப் பின்வாங்கினார். மூவரும் வாசலை மறித்து நின்று ஆலோசனை செய்தார்கள்.

"இவர் உள்ள வந்துட்டா போர்டு பொய்யாயிரும்" என்றார் பெத்தணன்.

"வராட்டி கடை போயிரும்" என்றார் சுருளிவேல். அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"அழிச்சுட்டு வேற எழுதினா?"

"எழுதினதை அழிக்கறவன் வியாபாரியா?"

ஒச்சப்பன் வெகுநேரம் தாடையைத் தடவினார். பிறகு அவர் முகம் தெளிந்தது. "டேய், யாரும் வரக் கூடாதுன்னுதானே இருக்கு? மெத்தை வெளிய போகக் கூடாதுன்னு எங்கயாவது எழுதியிருக்கோமா?"

மூவரும் போர்டை ஒருமுறை படித்துப் பார்த்தார்கள். எழுதவில்லை.

பன்னிரண்டு மெத்தைகளும் ஒவ்வொன்றாக வாசல் வழியே பறந்து தெருவில் விழுந்தன. டீக்கடைக் கூட்டம் ஓடி வந்தது. தொட்டுப் பார்த்தது, அமுக்கிப் பார்த்தது. நடுத்தெருவில் படுத்தும் பார்த்தது. "எனக்கொண்ணு", "எனக்கு ரெண்டு" என்று குரல்கள் வர, கடையில் மீதியிருந்த மெத்தைகளும் அதே வழியில் பறந்தன. ஃபோம் கடை ஊழியர்கூடக் கண்ணாடிக் கதவைத் திறந்துகொண்டு வந்து தன் அப்பாவுக்கு ஒன்று வாங்கினார். நான்கு மணிக்குக் கடையில் மூன்று பேரும் ஒரு ஊசியும்தான் மிச்சம்.

பரமன் வாயெல்லாம் பல்லாக வந்தார். வாசலில் மூவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றிருந்தார்கள். ஒச்சப்பன் அவர் கையில் சாவியை வைத்தார்.

"என்னடா இது?"

"ஆவணி முடிஞ்சிருச்சுண்ணே. கடைக்குள்ள ஒருத்தரும் வரலை. பேச்சுன்னா பேச்சுதான்."

"அடப்பாவிகளா, மொத்தச் சரக்கும் வித்துப்போச்சேடா!"

"வித்துச்சுண்ணே. ஆனா வரலையே" என்றார் பெத்தணன். "நாளைக்கு சூளைக்குப் போறோம்."

பரமன் தலையில் அடித்துக்கொண்டார். "சாவியும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம். ஆயுசுக்கும் நீங்களே கடையை வச்சுக்கங்க!" என்று சொல்லி, சாவியை உள்ளே ஆணியில் மாட்டப் போனார்.

மூவரும் பாய்ந்து அவர் இடுப்பைக் கட்டிப் பிடித்து வெளியே இழுத்தார்கள்.

"உங்களுக்கு மனசாட்சி இருக்காண்ணே?" என்றார் ஒச்சப்பன் மூச்சு வாங்க. "காலையிலருந்து எவ்வளவு கஷ்டப்பட்டுக் கட்டிக் காத்திருக்கோம்!"

"சரிடா, நாளைக்காவது உள்ள வரலாமா?"

"அதை இப்பவே எப்படிண்ணே சொல்றது?" என்றார் சுருளிவேல். "காலையில போர்டு எழுதிட்டுச் சொல்றோம்."