மௌனப்படத்துக்கு ஒன்பது வாத்தியம்

பியாட்ரிஸ் டீச்சருக்கு முப்பத்தொன்பது வயது. அவருடைய சீடர் உலகநாதனுக்கு அறுபத்திரண்டு.

உலகநாதன் சரக்கு ரயிலில் கார்டாக இருந்து ஓய்வுபெற்றவர். ஓய்வுபெற்ற மறுநாளே ஒரு வயலினைத் தூக்கிக்கொண்டு பொன்மலையில் டீச்சர் வீட்டு வாசலில் போய் நின்றார்.

"எனக்கு ஒண்ணுமே தெரியாது டீச்சர். ஆனா நேரத்துக்கு வந்துடுவேன்."

சொன்னபடியே வந்தார். நான்கு வருடங்களில் ஒரு நாள்கூடத் தாமதம் இல்லை. வாசிப்பும் சுமாராக வந்திருந்தது.

அந்த வருடம் டீச்சருக்கு ஓர் ஆசை பிறந்தது. படங்கள் பேசத் தொடங்குவதற்கு முன்னால், மேலே படம் ஓட, திரைக்குக் கீழே ஒரு கோஷ்டி உட்கார்ந்து வாசிக்கும். அப்படி ஒரு காட்சியைத் திரும்பவும் நடத்த வேண்டும் என்று நினைத்தார். அலைந்து திரிந்து ஒரு மௌனப்படத்தின் பிரதியையும் வாங்கிவிட்டார்.

இருபது நிமிடப் படம். கல்யாணத்துக்குக் கிளம்பும் மாப்பிள்ளையின் தலைப்பாகையை ஓர் ஆடு கவ்விக்கொண்டு ஓடுகிறது. ஊரே ஆட்டைத் துரத்துகிறது. ஒருவழியாக அது நின்று, தலைப்பாகையை மென்று தின்கிறது. அடுத்த காட்சியில் மாப்பிள்ளையின் தாய் கண்மூடுகிறாள். அதற்கடுத்த காட்சியில் கல்யாணம். சாவு விழுந்த வீட்டில் உடனே கல்யாணமா என்று கேட்கக் கூடாது. நடுவில் ஒரு சுருள் தொலைந்துபோயிருந்தது.

இரண்டு வயலின், செல்லோ, கிளாரினெட், டிரம்பெட், புல்லாங்குழல், ஆர்மோனியம், கஞ்சிரா, தவில் என்று ஒன்பது வாத்தியங்கள் சேர்ந்தன. தவில் எதற்கு என்று கேட்டவர்களிடம், "கல்யாணம் இருக்கே" என்றார் டீச்சர்.

திரையைத் தைத்துக் கொடுத்தவர் தர்மராசு. கடைவீதியில் தையல் கடை வைத்திருந்தார். பிறவியிலேயே காது கேட்காது. எட்டு வேட்டிகளை இணைத்து, எந்த இடத்திலும் தையல் நாயகியின் மூக்கில் விழாதபடி கணக்காக வெட்டித் தைத்திருந்தார்.

ஒத்திகையின் முதல் நாள் உலகநாதன் கேட்டார்.

"பாவம், படத்துக்கு வாய் கிடையாது. நாமதானே டீச்சர் அதுக்கு வாய்?"

டீச்சர் ஆர்மோனியத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"நீங்கதான் முதல் வயலின். எல்லாரும் உங்க வில்லைப் பார்த்துத்தான் வாசிப்பாங்க" என்றார்.

உலகநாதனுக்கு அன்றிரவு தூக்கம் வரவில்லை. மறுநாள் முதல் கார்டு வேலையில் இருந்தபோது வைத்திருந்த கடிகாரத்தை எடுத்துக்கொண்டு படத்தைப் பதினேழு முறை பார்த்தார். நாற்பது பக்கத்துக்கு ஓர் அட்டவணை எழுதினார். எட்டாவது நிமிடம், ஆடு ஓடுகிறது, மோகனம். பதினான்காவது நிமிடம், தாயின் மரணம், முகாரி. பதினாறாவது நிமிடம், தாலி, கெட்டிமேளம். எந்த விநாடியும் காலியாக இல்லை. ஒரு ரயில்கூட அப்படி நேரம் தவறாமல் ஓடியிருக்காது.

டீச்சர் நாற்பது பக்கத்தையும் புரட்டிப் பார்த்தார்.

"கையெழுத்து அழகா இருக்கு சார்."

காட்சி ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணிக்கு, மன்றக் கூடத்தில். ஜன்னல்களுக்கெல்லாம் கறுப்புத் துணி கட்டி இருட்டாக்கினார்கள். கூடம் நிறைந்துவிட்டது. முன்வரிசையில் தர்மராசுவும் இருந்தார்.

புரொஜெக்டர் பழையது. கையால் சுற்ற வேண்டும். சுற்றியவர் அந்தோணிமுத்து. அவருக்கு அன்று தோள்வலி. அது உலகநாதனின் அட்டவணையில் இல்லை.

ஐந்தாவது நிமிடத்திலேயே படம் பின்தங்கிவிட்டது. உலகநாதன் தலைநிமிரவில்லை. ஒரு கண் தாளில், ஒரு கண் கடிகாரத்தில். பதினான்காவது நிமிடம் வந்தது. வில்லை உயர்த்தி முகாரியை இழுத்தார். செல்லோ விம்மியது. கிளாரினெட் கேவியது. திரையில் ஆடு தலைப்பாகையை நிதானமாக மென்றுகொண்டிருந்தது.

ஜனங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். உலகநாதன் அது அழுகை என்று நினைத்துக்கொண்டு இன்னும் உருக்கமாக வாசித்தார்.

பதினாறாவது நிமிடம் வந்தது. தவில்காரர் பக்கிரிக்குச் சைகை காட்டினார். பக்கிரி மற்ற எட்டுப் பேரையும் மறந்து கெட்டிமேளம் கொட்டினார். டிரம்பெட் முழங்கியது. திரையில் தாய் மகனின் கையைத் தேடித் தேடி, கிடைக்காமல், கண்ணை மூடினாள்.

யாரோ விசில் அடித்தார்கள். கூடம் அதிர்ந்தது.

அப்போதுதான் உலகநாதன் திரும்பித் திரையைப் பார்த்தார்.

மன்றச் செயலாளர் கோதண்டபாணி வந்து டீச்சரிடம் சொன்னார். "நல்ல காமெடிம்மா. ஆனா ஹாலை பேட்மின்டன் ஆடறவங்க கேட்டுக்கிட்டே இருக்காங்க. அடுத்த ஞாயிறு இன்னொரு வாட்டி போட்டுக்குங்க. அதுவும் இப்படித்தான்னா வலை கட்டிடுவோம்."

திங்கட்கிழமை வகுப்புக்கு உலகநாதன் பத்து நிமிடம் தாமதமாக வந்தார். டீச்சர் பயந்துபோனார்.

உலகநாதன் வயலின் பெட்டியை மேசைமேல் வைத்தார்.

"இதை யாராவது கத்துக்க வர்றவங்களுக்குக் குடுத்துடுங்க டீச்சர். ஒரு தாய் செத்தாங்க. நான் மேளம் கொட்ட வெச்சேன். ஜனங்க சிரிச்சாங்க."

"அந்தோணிமுத்துவுக்குத் தோள்வலி சார்."

"படம் ஓடறது அவர் தோளை நம்பின்னா நான் எதை நம்பி வாசிக்கிறது?"

"புதன்கிழமை காலைல பத்து மணிக்கு ஹாலுக்கு வாங்க. வயலின் வேண்டாம், கடிகாரம் வேண்டாம்."

கடிகாரம் இல்லாததால் உலகநாதன் ஒன்பது மணிக்கே வந்துவிட்டார். பத்து மணிக்குத் தர்மராசு வந்தார். கூடவே அவருடைய நண்பர்கள் எட்டுப் பேர். ஆண்களும் பெண்களும். யாருக்கும் காது கேட்காது. முன்வரிசையில் உட்கார்ந்தார்கள்.

உலகநாதன் டீச்சரைத் தனியாகக் கூப்பிட்டார்.

"நாம வாசிக்கப்போறதை இவங்க எப்படி டீச்சர்..."

"நாம வாசிக்கப்போறதில்ல. படம் மட்டும்தான்."

டீச்சர் ஒரு நாற்காலியைத் திரைக்குக் கீழே, முன்வரிசையைப் பார்த்தாற்போல் போட்டார். அதில் உலகநாதனை உட்காரச் சொன்னார்.

"திரை எனக்கு முதுகுப்பக்கம் இருக்கே. நான் எப்படிப் பார்க்கிறது?"

"பாருங்க" என்றார் டீச்சர்.

விளக்கு அணைந்தது. அந்தோணிமுத்து சுற்ற ஆரம்பித்தார். திரையின் வெளிச்சம் ஒன்பது முகங்கள்மேல் விழுந்தது.

முதல் இரண்டு நிமிடம் உலகநாதனுக்குக் கொட்டாவி வந்தது. பிறகு ஒரு பெண்ணின் புருவம் ஏறியது. தர்மராசு பக்கத்தில் இருந்தவரிடம் விரல்களால் ஏதோ சொன்னார். அவர் தலையில் அடித்துக்கொண்டார். வரிசை முழுக்கக் கைகள் பேசின. ஆடு வந்துவிட்டது என்று உலகநாதனுக்குப் புரிந்தது. ஆவல் தாங்காமல் கழுத்தைத் திருப்பினார்.

"சார்!" என்றார் டீச்சர் இருட்டிலிருந்து.

உலகநாதன் முன்பக்கம் திரும்பிக்கொண்டார்.

சிரிப்பு வந்தது. அதற்குச் சத்தம் இருந்தது. பெரிய, கட்டுப்பாடில்லாத சத்தம். உலகநாதனின் தொடைமேல் அவருடைய வலது கை தானாக வில் போல அசைந்தது. அந்தோணிமுத்து வேகமாகச் சுற்றினால் சிரிப்பும் வேகமாக வந்தது. தோளை நீவிக்கொண்டு மெதுவாகச் சுற்றினால் சிரிப்பும் காத்திருந்து வந்தது.

பிறகு பேசிக்கொண்டிருந்த கைகள் ஒவ்வொன்றாக மடியில் இறங்கின. கடைசியாகத் தர்மராசுவின் கைகளும். பதினெட்டுக் கைகளும் அசையாமல் கிடந்தன.

உலகநாதனின் கையும் நின்றுவிட்டது.

படம் முடிந்ததும் ஆட்டின்மேல் குற்றமா, மாப்பிள்ளைமேல் குற்றமா என்று முன்வரிசையில் பெரிய விவாதம். தர்மராசு ஆட்டின் கட்சி. நாற்காலியில் ஏறி நின்று மென்று காட்டினார். அன்று படத்தையே பார்க்காத உலகநாதன் கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

"இன்னைக்கு எத்தனை நிமிஷம் ஓட்டினேன் சார்?" என்று அந்தோணிமுத்து கேட்டார்.

"எனக்கெப்படித் தெரியும்?" என்றார் உலகநாதன்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. கூட்டம் போன வாரத்தைவிட அதிகம். பலர் மறுபடியும் சிரிக்கத்தான் வந்திருந்தார்கள். முன்வரிசையில் தர்மராசுவும் நண்பர்களும். தர்மராசுவின் பக்கத்தில் செயலாளர் கோதண்டபாணி. அவர் அளவெடுக்கும் டேப்போடு வந்திருந்தார், வலைக்குக் கம்பம் நடும் இடம் பார்க்க.

உலகநாதன் திரைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். நாற்காலி பள்ளமாக இருந்தது. நாற்பது பக்க அட்டவணையை மடித்துக் கீழே போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டார். மற்ற எட்டுப் பேரும் அவர் வில்லைப் பார்த்தார்கள். அவர் முன்வரிசையைப் பார்த்தார்.

ஒரு புருவம் ஏறியது. வில் ஏறியது. தர்மராசுவின் விரல்கள் ஓடின, கிளாரினெட் பின்னாலேயே ஓடியது. நடுவில் அந்தோணிமுத்துவுக்குத் தோள் பிடித்துக்கொண்டு தாவிய ஆடு அந்தரத்தில் மெல்ல மிதந்தது. முன்வரிசை வாயைப் பிளந்தது. உலகநாதன் ஒரே ஸ்வரத்தை விடாமல் இழுத்துக்கொண்டே இருந்தார். ஆடு தரையில் கால் வைத்தபோது கஞ்சிரா "தும்" என்றது. கூடம் கைதட்டியது.

பிறகு கைகள் மடியில் இறங்கத் தொடங்கின.

முகாரிக்காக வில்லை நரம்பின்மேல் வைத்த உலகநாதன், தர்மராசுவின் கைகள் இறங்கியதும் அதை எடுத்துவிட்டார்.

எட்டுப் பேரும் திகைத்தார்கள். பக்கிரி எதற்கும் இருக்கட்டும் என்று தவில்குச்சியை ஓங்கினார். உலகநாதன், சிவப்புக் கொடி காட்டிய அந்தக் காலத்துக் கண்ணால் அவரைப் பார்த்தார். குச்சி அப்படியே நின்றது.

மின்விசிறி சுற்றும் சத்தம் மட்டும் கேட்டது. அந்தோணிமுத்துவும் என்ன நினைத்தாரோ, மெதுவாகச் சுற்றினார். ஒருவரும் சிரிக்கவில்லை. நெடுநேரம் அப்படியே இருந்தது.

தர்மராசு கண்ணைத் துடைக்கக் கையை எடுத்தார். உலகநாதன் பக்கிரியைப் பார்த்துத் தலையசைத்தார். கெட்டிமேளம் கொட்டியது. திரையில் தாலி ஏறியது.

காட்சி முடிந்ததும் கோதண்டபாணிதான் முதலில் ஓடிவந்தார். டேப்பை எங்கோ போட்டுவிட்டார்.

"பிரமாதம் சார்! அந்த அம்மா சாகற இடத்துல வாசிச்சீங்களே, என்ன ராகம் அது? உருக்கிட்டீங்களே!"

உலகநாதன் டீச்சரைப் பார்த்தார். டீச்சர் கூரையைப் பார்த்தார்.

"பேர் எனக்கே தெரியாது சார்" என்றார் உலகநாதன்.

"மாசம் ஒரு காட்சி வைங்க. பேட்மின்டன் எங்க வேணாலும் ஆடிக்கலாம்."

அவர் போனதும் தர்மராசு வந்தார். சட்டைப்பையிலிருந்து பென்சிலை எடுத்து, ஒரு துண்டுத்தாளில் எழுதி, உலகநாதன் கையில் கொடுத்துவிட்டு, ஆட்டைப் போல ஒருமுறை மென்று காட்டிவிட்டுப் போனார்.

உலகநாதன் தாளைப் படித்தார். திருப்பிப் பார்த்தார். மறுபடியும் படித்தார்.

"நல்லா வாசிச்சீங்கன்னு எழுதியிருக்காரு டீச்சர்."

"ஆமா, நல்லாத்தான் வாசிச்சீங்க."

"அவருக்குத்தான் காது கேட்காதே? எப்படித் தெரியும்?"

டீச்சர் ஆர்மோனியத்தை மூடினார்.

"போன வாரம் அந்த அம்மா கண்ணை மூடினப்போ, அவர் மட்டும்தான் அழுதாரு. இன்னைக்குப் பக்கத்துல செயலாளரும் அழுதாரு."